ரெனாட்டஸ் பூட்டிய பதினோரு கிளாம்புகள்

கிக்கர்தாக்கில் விளக்கு அணைந்தால் எல்லாரும் முதலில் திட்டுவது ரெனாட்டஸைத்தான். கனடாவின் லாப்ரடார் கடற்கரையில் அறுபத்தெட்டு வீடுகள் கொண்ட எங்கள் ஊருக்கு மின்சாரம் தருகிற டீசல் நிலையம் இருபத்தேழு வருஷம் அவர் பொறுப்பில் இருந்தது. புயலில் கம்பி அறுந்தாலும், தெற்கிலிருந்து வரவேண்டிய எண்ணெய்க் கப்பல் வழியில் பனிக்கட்டியில் மாட்டிக்கொண்டாலும் திட்டு அவருக்குத்தான். அவர் பதில் பேசமாட்டார். கையுறையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போவார். அரைமணி நேரத்தில் விளக்கு எரியும். திட்டியவர்கள் மறுநாள் அவர் வீட்டு வாசலில் நாலு காய்ந்த மீனைத் தொங்கவிட்டுப் போவார்கள்.

ஒல்லியான, உயரம் குறைந்த மனிதர். மனைவி அமாலியா, ரெண்டு வருஷப் படிப்பு என்று சொல்லித் தெற்கே போனவள், அங்கேயே வேலை கிடைத்துத் தங்கிவிட்டாள். யாராவது விசாரித்தால், "அவளுக்கு அங்க மரம் புடிச்சிருக்கு. இங்க மரமெல்லாம் முழங்கால் உயரந்தானாம்" என்று சொல்லிச் சிரிப்பார். அதற்குமேல் அந்தப் பேச்சு ஓடாது.

அமாலியா போனதிலிருந்து அவருக்குச் சாப்பாடு தம்பி யோவாஸின் வீட்டில். யோவாஸின் மனைவி தபேயாவும் ரெனாட்டஸும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மூன்றே பேர் இருந்த வகுப்பு அது. அதனால் கணவனுக்கு அண்ணன் என்கிற மரியாதையெல்லாம் தபேயா அவருக்குக் கொடுத்ததில்லை. "சூப்பு ஆறுது. இஞ்சினப் பத்தி யோசிக்கறத வாசல்லயே கழட்டி வெச்சிட்டு வந்து உக்காரு" என்பாள். பத்தொன்பது வருஷம், வேலை நாள், விடுமுறை நாள் என்றில்லாமல் அந்த மேசையில் மூன்றாவது தட்டு அவருடையது. அவர்கள் மகள் ஊரை விட்டுப் படிக்கப் போன பிறகு மூன்று தட்டுதான் மிச்சம்.

யோவாஸ் அண்ணனுக்கு நேர்மாறு. கடல்நாய் வேட்டை, மீன், விறகு என்று எப்போதும் வெளியே திரிகிறவன். வாய் ஓயாது. தேவாலயத்தில் போதகர் ஜெபத்துக்கு நடுவே மூச்சு விடுகிற இடைவெளியிலேயே பக்கத்தில் இருப்பவனைச் சிரிக்க வைத்துவிடுவான்.

ஒரு இலையுதிர் காலத்தில், கடல் உறைவதற்குமுன் வரும் கடைசிக் கப்பலில் பதினான்கு பனிவண்டிகள் வந்து இறங்கின. எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே மாடல். பழைய வண்டிகள் எருமை மாதிரி கனம். இவை லேசு, ஆனால் வேகம். யோவாஸ் ஒன்று எடுத்தான். அவனுடைய வேட்டைத் துணைவனும் ஊர்த் தேடுதல் குழுவின் தலைவனுமான மனாசே ஒன்று எடுத்தான். ரெனாட்டஸும் ஒன்று எடுத்தார். எங்களுக்குப் பனிவண்டி இல்லாமல் குளிர்காலம் கிடையாது. விறகும் அதில்தான், இறைச்சியும் அதில்தான், பிரசவ வலி எடுத்தவளை விமானத் திடலுக்குக் கொண்டுபோவதும் அதில்தான்.

அந்தப் பிப்ரவரியில் மனாசேயின் வண்டி மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஓடி ஒரு பாறையில் முட்டியது. அவன் காறையெலும்பு முறிந்தது. மூன்று வாரம் கழித்து இன்னொருவர் வண்டி உறைந்த கடல்மேல், ஊருக்கு நாற்பது மைல் தள்ளி, இஞ்சின் ஓட ஓட அசையாமல் நின்றுபோனது. மார்ச் மாதம் கிழவர் சக்கரியாஸின் வண்டி. மூன்றையும் ரெனாட்டஸ் தன் கொட்டகையில் வைத்துப் பிரித்தார். மூன்றிலும் ஒரே கோளாறு.

வண்டிக்கு அடியில், ரப்பர் பட்டையைச் சுழற்றுகிற ஷாஃப்ட் ஒன்று குறுக்கே போகிறது. பழைய வண்டிகளில் அது முழு இரும்பு. புது மாடலில் எடை குறைய வேண்டும் என்று அலுமினியக் குழாயாக்கி, இரண்டு முனைகளிலும் ஒரு சின்னக் கட்டியைச் சொருகிப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். தெற்கே விடுமுறை நாளில் விளையாட்டாக ஓட்டுகிறவர்களுக்கு அது போதும். எங்கள் ஊரில் வண்டிக்குப் பின்னால் மரச் சறுக்குவண்டியைக் கட்டி, அதில் அரை டன் விறகை ஏற்றி, மைனஸ் நாற்பது குளிரில் மலையேற்றுவோம். பசை விட்டுவிடும். முனைக் கட்டி குழாய்க்குள் ஆட ஆரம்பிக்கும். ஒருநாள் பிய்த்துக்கொள்ளும். பிரேக் அந்த முனையில்தான் இருக்கிறது. பிய்த்துக்கொண்ட பிறகு பிரேக் முனைக் கட்டியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். பட்டை தன் போக்கில் ஓடும்.

கம்பெனிக்கு எழுதிப் போட்டார்கள். அளவுக்கு மீறிய பாரம் என்று ஒரே வரியில் பதில் வந்தது.

ரெனாட்டஸ் ஒரு வாரம் அந்த ஒடிந்த முனைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். சாப்பிடும்போது மேசையில் எடுத்து வைத்து உருட்டுவார். "அதையும் கடிச்சுத் தின்னுடு, தொந்தரவு விட்டுது" என்பாள் தபேயா. பிறகு ஒரு நாள், கரையில் கிடந்த பழைய மீன்பிடிப் படகின் கனத்த இரும்புக் குழாயைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் இரண்டு அரைவட்டமாக அறுத்து, நாலு போல்ட்டுக்குத் துளையிட்டார். அரைவட்டங்களை ஷாஃப்ட்டின் முனையில், இணைப்பு இருக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் வைத்து இறுக்கினால் குழாய் உள்ளே இருக்கும் கட்டியை நெருக்கிப் பிடிக்கும். ஆட்டம் போய்விடும். கிளாம்பு என்றால் அவ்வளவுதான். பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

முதல் கிளாம்பு யோவாஸின் வண்டிக்கு. அவன் கொட்டகை வாசலில் தேநீர்க் குவளையோடு நின்று பார்த்தான்.

"என்ன அண்ணே, வண்டிக்கு மோதிரம் போடற? இனி அது வீட்ட விட்டு வெளிய வராது. 'எங்க போற, எப்ப வருவ'ன்னு கேக்கும்."

"தள்ளி நில்லுடா, வெளிச்சத்த மறைக்காத."

"நல்லா இறுக்கு. தபேயா என்ன இறுக்கின மாதிரி."

"அவ உன்ன எங்க இறுக்கினா? அவ இறுக்கியிருந்தா நீ இந்நேரம் விறகு வெட்டிட்டு இருப்ப."

அந்தப் பருவம் முடிவதற்குள் பதினோரு வண்டிகளுக்குக் கிளாம்பு பூட்டியாகிவிட்டது. அடுத்த குளிர்காலம் முழுக்க அவற்றில் ஒரு ஷாஃப்ட்கூடப் பிய்த்துக்கொள்ளவில்லை. கிளாம்பு போடாத மூன்று வண்டிகளில் ஒன்று ஜனவரியிலேயே நின்றது. அதற்குப் பிறகு கேட்கவேண்டுமா? ஊர் மண்டபத்தில் மனாசே எழுந்து நின்று ரெனாட்டஸின் பெயரைச் சொல்லி எல்லாரையும் கைதட்ட வைத்தான். ரெனாட்டஸ் தலையைக் குனிந்துகொண்டு பூட்ஸ் கயிற்றைச் சரிசெய்தார். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் சீட்டியடித்ததை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

அந்த ஏப்ரல் மாதம், பனியெல்லாம் கண்ணைக் கூசவைக்கிற வெயில் நாளில், யோவாஸும் மனாசேயும் விறகு ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஊருக்கு ஒன்பது மைல் முன்னால் ஒரு நீண்ட இறக்கம். அடியில் இரண்டு தீவுகளுக்கு நடுவே கடல் நீரோட்டம் நெருக்கி ஓடுகிற இடம். குளிர் உச்சத்தில்கூட அங்கே நீர் உறையாது, கறுத்துப் புகைந்துகொண்டிருக்கும். தடம் அதற்கு முன்னாலேயே இடது பக்கம் திரும்பிவிடும். அன்றைக்கு முன்னால் போன யோவாஸ் திரும்பவில்லை. வேகம் கூடிக்கொண்டே போனது. இடப்பக்கம் அந்த வேகத்தில் ஒடித்திருந்தால் சறுக்கித் தண்ணீருக்குள் போயிருப்பான். அவன் வலப்பக்கம் பாறைகளைப் பார்த்துத் திருப்பினான். வண்டி பாறையில் நின்றது. பின்னால் வந்த விறகுச் சறுக்குவண்டி நிற்கவில்லை.

மனாசேதான் அவன் உடலைத் தூக்கிக்கொண்டு வந்தான். டீசல் நிலையத்துக்கு வந்து, இஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தடவை ரெனாட்டஸுக்குக் காதில் விழவில்லை. மனாசே இரண்டாம் தடவை கத்தினான்.

"பிரேக்கப் புடிச்சான் ரெனா. நான் பின்னால இருந்து பாத்தேன். பிரேக் விளக்கு எரிஞ்சுது. வண்டி கேக்கல."

ரெனாட்டஸ் அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நேரக் குறிப்பேட்டில் அந்த மணிக்கு எழுதவேண்டிய எண்களை எழுதினார். ஒவ்வொன்றையும் சரியாக எழுதினார். பேனாவை வைத்துவிட்டு, "தபேயாகிட்ட யார் சொல்றது?" என்று கேட்டார்.

அடக்கம் முடிந்தது. எங்கள் வழக்கப்படி கோயில் பித்தளைக் குழல்காரர்கள் கல்லறைவரை வாசித்துக்கொண்டு போனார்கள். ஊரே கம்பெனியைச் சபித்தது. "கிளாம்பையும் மீறிப் பிய்ச்சிட்டுதே, எப்பேர்ப்பட்ட குப்பை வண்டி" என்றார்கள். ரெனாட்டஸும் அப்படித்தான் நினைத்தார்.

மூன்று நாள் கழித்து யோவாஸின் வண்டியைக் கொட்டகைக்கு இழுத்து வந்து, பகல் வெளிச்சத்தில் கதவை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு பிரித்தார். கிளாம்பு அவர் இறுக்கியபடியே இருந்தது. ஒரு போல்ட்டுகூட நெகிழவில்லை. கிளாம்பிற்குள் இருந்த இணைப்பும் ஆடவில்லை. ஒடிந்தது கிளாம்பிற்கு வெளியே. அதன் விளிம்பை ஒட்டி, கத்தி வைத்து வெட்டினாற்போல் வட்டமாக.

குறட்டால் கம்பியைப் பிடித்து வளைத்தால் கம்பி குறட்டின் வாய்ப்பக்கத்தில்தான் ஒடியும். இது ரெனாட்டஸுக்குத் தெரியாததல்ல. குழாய் பாரத்தில் துளித்துளியாக வளைந்து நிமிர்கிறது. முன்பு அந்த வளைவு நீளம் முழுக்கப் பரவியிருந்தது. கிளாம்பு போட்டபின் அத்தனையும் விளிம்பு ஓரத்தில் வந்து விழுந்திருக்கிறது. போதாததற்கு, அறுத்த விளிம்பை அவர் அரத்தால் மழுக்காமல் விட்டிருந்தார். கூரான அந்த ஓரம் அலுமினியத்தில் மயிரிழைபோல் ஒரு கீறலைப் போட்டிருந்தது. கீறல் ஒரு வருஷம் பொறுமையாக உள்ளே இறங்கியிருக்கிறது. ஒடிந்த முகத்தில் பாதி பழைய கறுப்பு, மீதி புது வெள்ளை. கறுத்த பகுதி எத்தனை மாதங்களாக வெடித்திருந்தது என்று யார் கண்டது?

அவர் ஒரு விறகுக் கட்டைமேல் உட்கார்ந்தார். வெயில் கொட்டகைத் தரையில் நகர்ந்து, அவர் காலைத் தாண்டிச் சுவருக்குப் போகும்வரை உட்கார்ந்திருந்தார்.

இதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். கடல் நூறடி தூரத்தில் இருந்தது. ஷாஃப்ட்டை எடுத்துப்போய்ப் பனிக்கட்டி விரிசலுக்குள் போட்டுவிட்டு வந்தால் கம்பெனியின் பாவத்தோடு பாவமாகப் போயிருக்கும். ஆனால் இன்னும் பத்து வண்டிகளில் அதே கிளாம்பு, அதே விளிம்பு. அவற்றைக் கழற்றியாகவேண்டும். காரணம் சொல்லாமல் கழற்ற முடியுமா என்று நான்கு நாள் யோசித்தார். முடியும் என்று தோன்றியது.

முதலில் இரண்டு வீடுகளுக்குப் போனார். "போல்ட்டு தரம் சரியில்ல. கழட்டி வேற போடறேன்" என்றார். அவர்கள் தேநீர் கொடுத்துத் தேற்றினார்கள். தம்பி போன துக்கத்திலும் எங்கள் வண்டியை நினைத்துக்கொண்டு வந்தாரே என்று ஒருத்தி கண் துடைத்தாள். அவர் குவளையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மூன்றாவது வீடு மனாசேயுடையது.

"போல்ட்டா? போன மாசம்தானே நீயே தட்டிப் பாத்து நல்லாருக்குன்ன?"

"புதுசு போட்டா இன்னும் நல்லதுன்னு…"

"ரெனா. உனக்குப் பொய் சொல்ல வராது. பள்ளிக்கூடத்துலயே வராது. மூக்கப் பாரு, செவந்து கெடக்கு."

ரெனாட்டஸ் சொன்னார். வெளியே பனியில் நின்றபடியே, கையில் ஸ்பானரோடு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். மனாசே தன் வண்டியின் பக்கமூடியில் கை வைத்துக்கொண்டு கேட்டான். அந்த வண்டியில்தான் அன்று அவன் யோவாஸின் பின்னால் அதே இறக்கத்தில் இறங்கினான்.

மூடியிலிருந்து கையை எடுத்துவிட்டு மனாசே கேட்டான். "தபேயாவுக்குத் தெரியுமா?"

"இல்ல."

"அப்ப இங்க ஏண்டா நிக்கற?"

மத்தியானச் சாப்பாட்டு நேரம். தபேயா அவருக்குத் தட்டு வைத்திருந்தாள். யோவாஸ் போன பிறகும் அவள் அதை நிறுத்தவில்லை. தினமும் இருவரும் சாப்பிட்டு எழுவார்கள். அன்று ரெனாட்டஸ் தட்டைத் தொடாமல், துணியில் சுற்றிய, கிளாம்பு கழற்றாத ஷாஃப்ட் துண்டை மேசைமேல் வைத்தார்.

"என்ன இது?"

"அவன் வண்டியோடது."

"அத எதுக்கு இங்க கொண்டுவந்த?"

"தபேயா, கம்பெனிக்காரன் போட்ட இணைப்பு விட்டுப்போகல. நான் போட்ட கிளாம்புதான். அதோட விளிம்புல ஒடிஞ்சிருக்கு. ஓரத்த நான் மழுக்காம விட்டுட்டேன்."

அவள் துணியைப் பிரித்தாள். விளிம்பின்மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டிப் பார்த்தாள்.

"இத மழுக்க எவ்வளவு நேரமாவும்?"

அவர் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை.

"சொல்லு. எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம்."

தபேயா தலையாட்டினாள். ஏதோ கடைச்சாமான் விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டவள்போல் இரண்டு மூன்று தடவை தலையாட்டினாள். பிறகு அவர் தட்டில் இருந்ததைச் சட்டியில் திரும்பக் கொட்டினாள். தட்டைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"எடுத்துட்டுப் போ" என்றாள். ஷாஃப்ட்டைச் சொல்கிறாளா வேறெதைச் சொல்கிறாளா என்று அவர் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஜனங்கள் கலைவதற்குமுன் கோயில் படியில் நின்று ஊருக்கும் சொன்னார். இருமலோடு, தடுமாறித் தடுமாறிச் சொன்னார். போல்ட்டு என்று தான் பொய் சொன்ன இரண்டு வீட்டாரின் பெயரைச் சொல்லி அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். கிழவர் சக்கரியாஸ் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, "அன்னிக்குக் கைதட்டினமே, அதத் திருப்பிக் குடு" என்றார். சிலர் சிரித்தார்கள், சிரித்தது தப்பு என்று உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

மூன்றே நாளில் எல்லாக் கிளாம்புகளையும் கழற்றினார். மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடியைத் தூவினால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் எண்ணெயைக் கசியவிட்டுக் கோடாகத் தெரியும். அப்படிப் பார்த்ததில் நாலு ஷாஃப்ட்டுகளில் விளிம்போரம் கோடு தெரிந்தது. அந்த நாலில் மனாசேயுடையதும் ஒன்று. மனாசே அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, எழுந்து வெளியே போய் இறக்கம் இருக்கிற திசையைப் பார்த்து நின்றான். திரும்பி வந்து, "நீ ஒரு மாசம் கழிச்சு சொல்லியிருந்தா…" என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை.

ஆனால் கிளாம்பு வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியாது. கழற்றினால் பழைய கோளாறு அப்படியே நிற்கிறது. ஊரில் வேறு வண்டி வாங்க அடுத்த கப்பல் வரவேண்டும். வாங்குகிற வசதி எத்தனை பேருக்கு? ரெனாட்டஸ் தெற்கே இருந்த ஒரு லேத் பட்டறைக்காரருக்குப் போன் போட்டார். அந்த மனிதரின் பெயர் ஹெடர்சன். முகம் பார்த்ததே இல்லை. ஒடிந்த விதத்தைச் சொன்னதும் அவர், "விளிம்பு முரட்டுத்தனமா இருந்துச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று ரெனாட்டஸ் இன்னொரு தடவை சொன்னார். கிளாம்பை இரண்டு மடங்கு நீளமாக்கு, ஓரத்துக்குப் போகப்போக மெலிதாக்கு, உள்விளிம்பை விரல் வழுக்குகிற அளவு வளை, அளவாக இறுக்கு என்று அவர் சொல்லிக்கொடுத்தார். பாரம் ஒரே இடத்தில் விழாமல் படிப்படியாக இறங்கவேண்டும், அதுதான் சூட்சுமம்.

கோடை முழுக்க ரெனாட்டஸ் அதைச் செய்தார். ஒவ்வொரு விளிம்பையும் அரத்தால் தேய்த்து, பிறகு உப்புத்தாளால் தேய்த்து, பிறகு தன் நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தார். ஒன்றுக்கு ஒரு நாள் ஆனது. குளிர்காலம் வந்ததும் தன் வண்டிக்கு மட்டும் பூட்டினார். சறுக்குவண்டியில் விறகுக்குப் பதில் கல்லை ஏற்றிக்கொண்டு, விடுமுறை நாளெல்லாம் ஒன்பது மைல் தள்ளியிருந்த அந்த இறக்கத்துக்குப் போய் ஏறி ஏறி இறங்கினார். தனியாகப் போகாதே என்று மனாசே சண்டை போட்டான். "வேற யாரக் கூட்டிட்டுப் போவச் சொல்ற?" என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஷாஃப்ட்டைக் கழற்றி மண்ணெண்ணெயும் சாக்பீஸ் பொடியும் போட்டுப் பார்த்தார். ஒருதடவையும் கோடு தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் பொடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை தூவிப் பார்த்தார். உண்மையில், கோடு விழுந்து ஷாஃப்ட் தன் அடியிலேயே ஒடிந்தாலும் பரவாயில்லை என்று சில நாள் நினைத்ததாகப் பின்னாளில் மனாசேயிடம் சொல்லியிருக்கிறார்.

அடுத்த வருஷம் ஏழு பேர் பூட்டிக்கொள்ள வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை. சக்கரியாஸ் நேராகவே சொன்னார்: "உன் கை பட்ட வண்டியில ஏறமாட்டேன்ப்பா. கோவம் இல்ல. பயம்." ரெனாட்டஸ் சரி என்றார். அவரிடம் யாரும் இனிச் சண்டை போடமுடியாது. எதற்கும் சரி என்றுவிடுவார்.

அந்த இரண்டு குளிர்காலமும் சனிக்கிழமை தவறாமல் தபேயா வீட்டுக்கு ஒரு சறுக்குவண்டி விறகு கொண்டுபோய்ச் சுவரோரம் அடுக்கினார். அவள் கதவைத் திறக்கவில்லை. முதல் வருஷம் அடுக்கியது அடுக்கியபடியே பனிக்குள் புதைந்து கிடந்தது. அவள் பக்கத்து வீட்டு ரோசினாவிடம் விறகு கேட்டு வாங்கி எரித்தாள். இரண்டாம் வருஷம் ஒரு சனிக்கிழமை போனபோது அடுக்கின் ஓரத்தில் நாலைந்து கட்டைகள் குறைந்திருந்தன. ரெனாட்டஸ் அங்கேயே நின்று அந்த இடைவெளியைப் பார்த்தார். அதை நிரப்பாமல், புது விறகை அடுத்த பக்கத்தில் அடுக்கிவிட்டுப் போனார்.

மூன்றாம் குளிர்காலத்தில் ஒரு நாள் முற்பகலில் கொட்டகை வாசலில் வண்டிச் சத்தம். யோவாஸின் வண்டி. புது ஷாஃப்ட் வாங்கி யாரோ பூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். தபேயா இறங்கினாள். முகத்தை மூடிய கம்பளித் துணியை அவிழ்க்கவில்லை.

"கிளாம்பு போடு."

அவர் பக்கமூடியைக் கழற்றினார்.

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத."

"நெனைக்கல."

"எனக்கு விறகுக்குப் போவணும். உன் விறகையே எத்தன நாள் எரிக்கறது? அதான் வந்தேன்."

"சரி."

"சரி சரின்னு சொல்லாத, பத்திக்கிட்டு வருது." அவள் கட்டையில் உட்கார்ந்தாள். சற்று நேரம் அவர் போல்ட் பூட்டுவதைப் பார்த்தாள். "நீ சொல்லாம இருந்திருந்தா கம்பெனிக்காரன வெறுத்துட்டு நிம்மதியா இருந்திருப்பேன். மொகம் தெரியாதவன வெறுக்கறது சுலபம். உன்ன தினம் தெருவுல பாக்கணும். கடையில பாக்கணும். கோயில்ல உன் முதுகப் பாத்துட்டு உக்காரணும்."

"சொல்லலன்னா மனாசே…"

"தெரியும். எனக்குப் புத்தி இருக்கு. நாலு பேரக் காப்பாத்தின, சரி. அதுக்கும் எனக்கும் என்ன? என் வீட்டுல ஒருத்தன் கம்மி."

அவர் கடைசிப் போல்ட்டை இறுக்கினார். அவள் எழுந்து வந்து, பூட்டியிருந்த கிளாம்பின் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினாள். முழு வட்டமும் ஓட்டினாள். விரலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"மாசத்துக்கு ஒருவாட்டி வருவேன். அந்தப் பொடியப் போட்டு எனக்குக் காட்டணும். என் கண்ணால பாக்கணும்."

அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் வந்தாள். அவர் மண்ணெண்ணெய் தடவுவார், அவள் பொடி தூவுவாள். குனிந்து பார்ப்பாள். "இல்ல" என்பாள். "இல்ல" என்பார் அவர். அவர்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். சில மாதம் அவள் மகளிடமிருந்து வந்த செய்தி ஒன்றைச் சொல்வாள். அவரிடம் சொல்வதாக இல்லாமல் வண்டியைப் பார்த்துச் சொல்வாள். ஒரு தடவை சக்கரியாஸின் கிண்டல் ஒன்றைச் சொல்லும்போது இருவருமே சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் மூன்றாவது ஆளின் இடம் காலியாக இருந்ததை இருவரும் ஒரே நேரத்தில் உணர்ந்திருக்கவேண்டும். அவள் சட்டென்று கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் கிளாம்பு பூட்டிய வண்டி ஒன்றில்கூட அதற்குப்பின் ஷாஃப்ட் ஒடியவில்லை. பக்கத்து ஊர்களிலிருந்து வண்டியோட்டி வந்து பூட்டிக்கொண்டு போனார்கள். கம்பெனியும் சில வருஷத்தில் அந்த மாடலை நிறுத்தி, முழு இரும்பு ஷாஃப்ட்டுக்கே திரும்பியது. கம்பெனியிலிருந்து ஊருக்கோ ஊரிலிருந்து கம்பெனிக்கோ யாரும் கடிதம் எழுதவில்லை. மண்டபத்தில் ரெனாட்டஸுக்கு இன்னொரு தடவை கைதட்டலாமா என்று மனாசே கேட்டபோது, "கூட்டத்த விட்டு எழுந்து போயிடுவேன்" என்றார். செய்வார் என்று தெரிந்ததால் மனாசே விட்டுவிட்டான்.

இப்போது அவருக்கு அறுபத்தாறு. டீசல் நிலையத்தைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் வந்தாயிற்று. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. இரண்டு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிறார். தானே சமைத்துச் சாப்பிடுகிறார்; நன்றாகச் சமைப்பதில்லை.

போன ஈஸ்டர் விடியலில், வழக்கம்போல் ஊரார் எல்லாரும் கல்லறை மேட்டில் கூடிச் சூரியன் எழும்வரை பாடிவிட்டு இறங்கினார்கள். ரெனாட்டஸ் யோவாஸின் சிலுவைக்கு ஒரு பக்கம் நின்றிருந்தார். தபேயா மறுபக்கம் நின்றிருந்தாள். மற்றவர்கள் காபி குடிக்கப் போய்விட்ட பிறகும் இருவரும் நின்றார்கள். குளிர் அதிகம். அவருக்கு இருமல் வந்தது; அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"தொப்பிய இழுத்து விடு" என்றாள் தபேயா, சிலுவையைப் பார்த்தபடி.

அவர் இழுத்துவிட்டார். அவள் கிழக்குப் பாதையில் இறங்கினாள். அவள் வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்துவிட்டு, அவர் மேற்குப் பாதையில் மெதுவாக இறங்கினார்.